பேட்ச் கோப்பைப் பிரிக்கும் வழி எது?

அலோர் ஸ்டாரில் கணினி பயிலும் மாணவர் சிலர், பல கோப்புகளின் மாற்றங்களைப் பல்லாயிரம் வரிகளில் பதிந்த பேட்ச் கோப்பொன்றைக் கோப்புவாரியாகப் பிரிக்க நேர்ந்தபோது, ஒருவர் தந்தை கட்டணம் கட்டிய வகுப்பென்பதற்காகப் பைதானையும், ஏனையோர் கூட்டாளிகள் மெச்சுவதற்காக ஷெல்லில் வரிவரியாய்ப் படிக்கும் சுழற்சியையும் கைக்கொண்டு அல்லலுற்றதைக் கண்டபின், என் அபிப்பிராயத்தை எழுதுவது அவசியமென்று பட்டது.

இவ்வேலைக்குரிய ‘ஸ்பிளிட்’, ‘சிஸ்பிளிட்’, ‘ஆக்’ என்னும் கட்டளைகளை இத்துறையினர் அறிவர். ஸ்பிளிட், வேறு சொல்லாவிடில், 1000 வரிக்கொரு துண்டாக வெட்டும். வெட்டு ஒரு மாற்றத்தின் நடுவே விழுந்தால், அதன் தலைவரியில் குறித்த வரித்தொகை பொய்த்து, பேட்ச் பழுதாகும். சிஸ்பிளிட், நாம் அவ்வாறு பணித்தால், ‘டிஃப்’ என்று தொடங்கும் வரிதோறும் பிரிக்கும். துண்டுக்கு அதனதன் கோப்பின் பெயரையே சூட்ட விரும்பினால் ஆக் உதவும்.

மேலே சொன்ன ஷெல் சுழற்சியைப் பற்றியே நான் அழுத்தமாக எச்சரிக்க வேண்டும். பேட்ச் கோப்பில் மாறாத வரி ஒவ்வொன்றும் ஓர் இடைவெளியோடு தொடங்குகிறது, ஷெல்லின் ‘ரீட்’ கட்டளையோ, தடுத்துச் சொல்லாவிடில், வரியின் இரு முனைகளிலுமுள்ள இடைவெளிகளை உதிர்த்துவிடும், பின்சாய்கோட்டை விழுங்கும், சி மொழி மேக்ரோக்களில் போல அக்கோடு வரியின் ஈற்றில் நின்றால், அடுத்த வரியையும் முந்தியதோடு ஒட்டிவிடும். இளமையில் நானும் இவ்வழியே சென்று, துண்டுகளில் பெரும்பாலானவை ஏற்கப்படாமற்போக, குற்றம் மூலநிரலில் இருக்கிறதென்ற பிரமையில் ஓர் இரவு முழுவதும் தேடினேன். இன்னும் சிலர் ‘டிஃப்’ வரியை விட்டு, கோப்பின் தலைப்பிலுள்ள மூன்று சிறுகோடுகளைத் தேடுவர், எஸ்.கியூ.எல். கோப்பிலிருந்து நீக்கப்பட்ட குறிப்புரை, தன் இரு கோடுகளோடு நீக்கற்குறியும் சேர்ந்து மூன்றாகத் தோன்றி, அவர்களை ஏமாற்றிவிடும்.

லாரி வால் 1985இல் ‘பேட்ச்’ நிரலை வெளியிட்டார்; இக்கோப்பின் இன்றைய இலக்கணம் 1990இல் தோன்றியபின் பெரிதும் மாறவில்லை. அதை ஒரு நாள் சிரத்தையோடு வாசித்தவர்க்கு எந்தக் கருவியும் கைவரும். என் மனம் சிஸ்பிளிட்டின் பக்கமே சாய்கிறது; ஆயினும் எக்கருவிக்கும் பொறுமை வேண்டும். நம் தோட்டப்புறங்களில் பால்மரம் சீவியவர்கள் உளியைப் பட்டையளவில் நிறுத்தக் கற்றது வேகத்தாலன்று, பொறுமையால்; கருவியின் சுபாவமறிந்து பழகுவதே எத்தொழிலுக்கும் அடிப்படை.

ஆதலால், பெற்றோர்களே, அயலார் பிள்ளை கற்கும் மொழியைப் பார்த்து உங்கள் பிள்ளைக்கு வழி வகுக்காதீர்கள். மாணவர்களே, துண்டுகள் நூற்றைத் தாண்டுமாயின் அவற்றின் பெயரில் மூன்று இலக்கம் வையுங்கள். பிரித்தவற்றை வரிசையாகச் சேர்த்து மூலத்தோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்தும் குறையாதிருந்தால் மட்டுமே அடுத்த வேலைக்குச் செல்லுங்கள்.