கையை எடு, பாப்பா

போடிநாயக்கனூர்

அன்புள்ள பாப்பா,

மாநில ரக்பி முகாமுக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று உன் அம்மா வந்து சொன்னார். விடியுமுன் ஜீப் ஏறி போடிமெட்டுக்கு மேலே காய் எடுக்கப் போகிறவர், அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். விரலெல்லாம் ஏலக்காய்க் கறை. “அடிபட்டா என்ன சார் பண்றது?” மூன்று முறை இதையேதான் கேட்டார்.

நீ கபடியிலிருந்து போகிறாய். அது பலம்தான், சிக்கலும் அதிலேயேதான். கபடியில் டேஷ் அடிப்பாய், அதாவது இடித்து வெளியே தள்ளுவாய். ரக்பியில் கையால் வளைத்துப் பிடிக்காமல் தோளால் இடித்தால் தப்பு. எதிராளியின் தோளுக்கு மேலே உன் பிடி போகக் கூடாது. ஓடிவருகிறவளைப் பக்கவாட்டில் பிடிக்கும்போது உன் தலை அவளுக்குப் பின்பக்கமாக ஒட்டியிருக்கட்டும். முன்னால் நீட்டினால் அவள் முழங்கால் உன் பொட்டில் விழும். முட்டி போட்டு, மெதுவாக, நூறு தடவை பழகு. இதைவிடக் கஷ்டம் இன்னொன்று. பிடித்த ஆளை விடவே கூடாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அங்கே ஆளைத் தரையில் சாய்த்ததும் கையை எடுத்துவிட வேண்டும். விழுந்தவளும் பந்தை விட வேண்டும்.

முதல் வாரத்திலேயே எல்லா வித்தையையும் காட்டிவிடத் துடிக்காதே. உன் அம்மா ஒரே சுற்றிலா காயெல்லாம் எடுக்கிறார்? முற்றியதை எடுத்து, மிச்சத்தை அடுத்த சுற்றுக்கு விடுகிறார்.

தலையில் அடிபட்டுக் கண் இருட்டினால் உடனே சொல், வெளியே வா. எனக்கு 26 வயதில் தோள் இறங்கியது. முக்கியமான ஆட்டம் ஒன்று பாக்கி என்று மஞ்சள் பத்துப் போட்டு மறைத்து ஆடினேன். இன்றும் வலது கையை உயர்த்தித் துணி காயப்போட முடியாது. அன்று ஜெயித்தது யாரென்று ஊரில் யாருக்கும் நினைவில்லை.

இந்தியாவுக்காக ஆடினாலும் அது சில வருஷம்தான். ‘விஸ்வரூபம்’ படத்தில் உமராக வந்த ராகுல் போஸைத் தெரியுமே? 1998-ல் இந்தியா முதன்முதலாக சர்வதேச ரக்பியில் இறங்கியபோது அந்த அணியில் இருந்தவர். பத்து வருஷம்போல ஆடிவிட்டு ஒதுங்கினார். நடிப்பு கூடவே இருந்தது, பிறகு இந்திய ரக்பி சம்மேளனத்துக்கே தலைவரானார். 2019 ஜூனில் மணிலாவில் நம் பெண்கள் சிங்கப்பூரை 21-19 என்று வென்றார்கள், பதினைந்து பேர் ஆட்டத்தில் அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி. அந்த அணியின் கேப்டன் வாபிஸ் பருச்சா படித்துப் பிசியோதெரபிஸ்ட் ஆனவர். ஆண்களுக்கு 2025-ல் ரக்பி பிரீமியர் லீக் வந்தது. ஆனாலும் உனக்கு ஆட்டம் மட்டும் சோறு போடும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆகவே கல்லூரியை விடாதே. முகாம் முடிந்ததும் மதுரையிலிருந்து ரயிலேறி வந்து பரீட்சையை எழுது.

கிளம்புமுன் அம்மாவிடம், “அடிபட்டா வெளியே வந்துருவேன்” என்று உன் வாயால் சொல்லிவிட்டுப் போ. நான் சொன்னேன், அவர் முழுசாக நம்பவில்லை.

அன்புடன்,
உன் பி.டி. சார்