மூட்டு வலியோடு மலை சுற்றலாமா?

பௌர்ணமி நெருங்கிவிட்டால் திருவண்ணாமலையில் பிசியோதெரபி பார்க்க வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த முட்டியை வெச்சிக்கிட்டு மலை சுத்தலாமா?" சுற்றலாம், கூடாது என்று ஒரே சொல்லில் இதற்குப் பதில் கிடையாது. 14 கிலோமீட்டர் தூரம், வெறுங்கால், இரவுத் தூக்கம் போய்விடும், கூட்டத்தில் நம் வேகத்துக்கு நடக்கவும் முடியாது. வலி மூட்டிலிருந்து வருகிறதா, முதுகுத்தண்டிலிருந்தா, நரம்பிலிருந்தா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் பதில் வேறு.

முட்டித் தேய்மானம் இவற்றில் எளிமையானது. படி இறங்கும்போதும் தரையிலிருந்து எழும்போதும் வலிக்கும்; காலையில் விறைப்பாக இருந்து அரைமணிக்குள் தளர்ந்துவிடும். இவர்களுக்கு நடை எதிரி அல்ல, பயிற்சியில்லாத திடீர் நடைதான் எதிரி. ஆறு வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, பத்து எண்ணும்வரை நிறுத்துங்கள். காலுக்குப் பத்து முறை, தினம் இரண்டு வேளை. இப்போது வலியில்லாமல் எவ்வளவு நடக்க முடிகிறதோ அதிலிருந்து வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். நடந்தபின் வந்த வலி மறுநாள் காலைக்குள் அடங்கினால் அளவு சரி. முட்டி வீங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டி தாங்கும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். எந்தத் தைலமும் இதைச் செய்யாது.

கைத்தடியை வலிக்கிற பக்கத்திலேயே பிடிப்பவர்கள்தான் அதிகம். எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். "தடி பிடிச்சா கிழவின்னு சொல்லுவாங்க" என்று கூச்சப்படுகிறவர்கள் ரமணாசிரமத்துப் படங்களைப் பாருங்கள். முட்டிவாதம் இருந்த மகரிஷியின் கையில் தடி இருக்கும்.

காலை விறைப்பு ஒரு மணிநேரம் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கியிருந்தால் அது தேய்மானம் அல்ல. வாத நோய் மருத்துவரைப் பார்த்த பிறகு மலையைப் பற்றி யோசிக்கலாம்.

முதுகுக்கு வருவோம். "ஸ்கேன்ல ஜவ்வு விலகியிருக்குன்னு போட்டிருக்கு" என்று பயந்துபோய் வருகிறார்கள். முதுகுவலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் பத்தில் ஆறு பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும். ஆகவே ஸ்கேன் தாளைவிட உங்கள் கால் சொல்வதைக் கேளுங்கள். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை மின்சாரம் போலக் குடைச்சல் இறங்கினால், இருமும்போது கூடினால், அது அழுத்தப்பட்ட நரம்பு. பெரும்பாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் கத்தியில்லாமலே தணியும். அதுவரை கிரிவலம் வேண்டாம். படுத்தே கிடக்கவும் வேண்டாம்.

இன்னொரு வகை வயதானவர்களுக்கு வரும். கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனத்துப்போகும், திண்ணையில் உட்கார்ந்ததும் சரியாகிவிடும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்பக்கம் சாய்ந்து நடந்தால் எவ்வளவு தூரமும் போவார்கள். முதுகுத்தண்டின் உள்வழி சுருங்கியிருப்பதன் அடையாளம் இது. கிரிவலப் பாதையில் இருக்கும் அஷ்டலிங்கங்களில் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து உட்கார்ந்து போனால் இவர்களாலும் சுற்றிவிட முடியும். உட்காராமல் சும்மா நின்றாலே கெண்டைக்கால் வலி போய்விடுகிறதென்றால் கோளாறு ரத்தக்குழாயில் இருக்கலாம். பாத நாடியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

குபேர லிங்கத்தை ஒட்டியிருக்கும் இடுக்குப் பிள்ளையாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தக் குறுகலான வாசல்களில் ஒருக்களித்து ஊர்ந்து வெளியே வந்தால் நரம்புக் கோளாறும் கைகால் வலியும் போகும் என்பது நம்பிக்கை. நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் உள்ளே உடம்பை முறுக்கி, தோளால் இழுத்து நகர வேண்டும். டிஸ்க் வலி இருப்பவர்களும், இடுப்பு மூட்டு மாற்றியவர்களும், எலும்பு பலவீனமான பாட்டிமார்களும் வெளியே நின்றே கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தொங்கினாலோ அன்றைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அதில் பொறுத்துப் பார்ப்பது என்ற பேச்சே இல்லை.

இதுவரை சொன்னவர்கள் எல்லோருக்கும் வலி இருக்கிறது. அதனால் எச்சரிக்கையும் இருக்கிறது. நான் அதிகம் பயப்படுவது "எனக்கு வலியே இல்ல, டாக்டர்" என்று வெறுங்காலோடு கிளம்பும் சர்க்கரை நோயாளியைப் பார்த்துத்தான். பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறது என்பார். ராத்திரியில் பாதம் எரிகிறது என்பார். கல் குத்தியது தெரியாது, கொப்புளம் உடைந்தது தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் புண்.

இதை உலகத்துக்குப் புரியவைத்த வேலையில் பெரும்பங்கு பக்கத்து வேலூரில் நடந்தது. தொழுநோயில் விரல்கள் அழுகி விழுவதில்லை, உணர்வில்லாத இடத்தில் திரும்பத் திரும்ப அடிபட்டே தேய்கின்றன என்று சி.எம்.சி. மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட் காட்டினார். இன்று சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு அந்த வழியில் வந்ததுதான். அதே மருத்துவமனையின் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையை வேலூரில் வளர்த்தார். பாகாயத்தில் 1966-ல் திறந்த மறுவாழ்வு மையம் அவர் உழைப்பு.

உங்கள் பாதத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை மாறி மாறி லேசாக, ஒன்றிரண்டு விநாடி தொடட்டும், அழுத்தக் கூடாது. தொட்டதும் எந்தக் கால் என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உணர்வு குறைந்திருக்கிறது என்று பொருள். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவான சோதனை இது. விரல் தவிர வேறு கருவி வேண்டாம். தவறியவர்கள் வெறுங்காலில் சுற்றக் கூடாது. செருப்போடு நடங்கள், இல்லையென்றால் ஆட்டோவில் சுற்றுங்கள். பலரும் அப்படித்தான் சுற்றுகிறார்கள். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடமும் கொடுக்காதீர்கள், சுட்டது தெரியாது. "நரம்புக்குச் சத்து ஊசி" என்று மாதாமாதம் போட்டுக்கொள்வதற்கு முன் ரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள். மெட்ஃபார்மின் மாத்திரை பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு அது குறையலாம். குறையாதவருக்கு ஊசியால் லாபமில்லை.

மலை சுற்றுவதைப் பற்றி நினைக்கவே முடியாமல் பக்கவாதத்தில் படுத்துவிட்டவர்கள் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். அவர் வரும் நாளில் மட்டும் கைகாலை அசைத்தால் போதாது. அவர் செய்வதை வீட்டில் ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டு, மற்ற நாட்களிலும் செய்ய வேண்டும்.