மலை உச்சியில் ஒரு வானொலி நிலையம்

உள்ளங்கையில் அடங்கும் ஒரு வானொலிப் பெட்டி இருக்கிறது. பேசவும் கேட்கவும் கூடியது. அது வெளியிடும் அலையின் திறன் 5 வாட். சைக்கிள் டைனமோ விளக்கு எரியத் தேவையான திறனைவிடச் சற்றே அதிகம். இதை வைத்துக்கொண்டு 100 கிலோமீட்டர் தொலைவில் இருப்பவரோடு பேச முடியுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏரியலிலிருந்து கிளம்பும் அலை எல்லாத் திசையிலும் பரவுவதாகக் கொள்வோம். 100 கி.மீ. ஆரமுள்ள கோளத்தின் பரப்பு ஏறத்தாழ 12,600 கோடி சதுர மீட்டர். அந்த 5 வாட்டை இவ்வளவு பரப்புக்கும் பங்கிட்டால், ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது ஒரு வாட்டில் 2,500 கோடியில் ஒரு பங்குதான். இதைக் கேட்டதும் வகுப்பில் மாணவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் நல்ல ஏற்பி ஒன்றுக்கு இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே போதும்! ஆக, தொலைவு நமக்கு எதிரியல்ல. எதிரி வேறு: நாம் நிற்கும் பூமியின் வளைவு.

145 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண் அலைகள் ஏறக்குறைய ஒளியைப் போல நேர்க்கோட்டில் செல்கின்றன. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்க மூலத்தை 3.57 ஆல் பெருக்குங்கள். தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பூமியின் ஆரம் 6,370 கி.மீ. என்று கொண்டு, பிதாகரஸ் தேற்றத்தால் இதை நீங்களே வருவிக்கலாம். 2 மீட்டர் உயரத்தில் ஏரியல் இருந்தால் 5 கி.மீ.; 917 மீட்டர் உயரத்தில் இருந்தால் 108 கி.மீ. காற்று மண்டலம் வானொலி அலையைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதால், அந்த 108 சாதாரணமாக 125 ஆகிறது.

917 என்ற எண்ணை வேண்டுமென்றேதான் எடுத்தேன். வேல்ஸ் நாட்டில், ஸ்னோடோனியா மலைப்பகுதியில் உள்ள டிரவன் என்ற பாறை மலையின் உயரம் அது. பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்தும் ‘ஹாம்’கள் ஏறும் மலைகளில் இதுவும் ஒன்று. தேர்வு எழுதி உரிமம் பெற்ற இவர்களுக்காக, ‘சிகரங்களிலிருந்து வானொலி’ என்ற பொருள்படும் திட்டம் ஒன்று 2002-இல் பிரிட்டனில் தொடங்கி, பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. கருவிகளைத் தாமே சுமந்து ஏற வேண்டும். மோட்டார் வண்டியில் உட்கார்ந்து பேசக்கூடாது. எண்ணெய் ஊற்றி ஓட்டும் மின்னாக்கியும் கூடாது. குறைந்தது நான்கு பேரோடு தொடர்பு கொண்டால்தான் அந்தச் சிகரத்துக்குரிய புள்ளிகள் கிடைக்கும். என்னைக் கேட்டால், இயற்பியல் மாணவனுக்கு இதைவிட நல்ல விளையாட்டு இல்லை.

ஒக்வென் ஏரிக்கரைச் சாலையிலிருந்து டிரவன் உச்சிக்குச் சுமார் 600 மீட்டர் ஏற்றம். வடக்கு முகட்டு வழியில் பல இடங்களில் கைகளையும் ஊன்றித்தான் ஏற முடியும். உச்சியில் ‘ஆதாம்’, ‘ஏவாள்’ என்று பெயர் பெற்ற இரண்டு கற்கள் ஆளுயரத்துக்கு மேல் நிற்கின்றன.

இங்கே ஒரு சிக்கல். நமது சூத்திரம் சுற்றிலும் கடல்போல் சமமான தரை இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. டிரவனுக்குத் தெற்கே 994 மீட்டர் உயரமுள்ள கிளிடர் வாக் அருகிலேயே நிற்கிறது. வடக்கே, பள்ளத்தாக்குக்கு அப்பால் கார்னெத் மலைகள் 1,000 மீட்டரையும் தாண்டுகின்றன. இந்தச் சுவர்கள் அலையை மறைக்கின்றன. ஆனால் முற்றிலும் மறைப்பதில்லை; பாறை முகட்டைத் தொட்டுச் செல்லும் அலை, விளிம்பு விளைவால் ஓரளவு மறுபுறமும் வளைகிறது. அலைநீளம் 2 மீட்டர் இருப்பதால் ஒளியைவிட இதற்கு அந்தக் குணம் அதிகம். கிழக்குப் பக்கமாகச் சுமார் 75 கி.மீ. தொலைவில் லிவர்பூல் நகரம் இருக்கிறது. நமது தொடுவானத்துக்குள் அது அடங்கும். மக்கள் அதிகம் வாழும் பகுதியாதலால் பேச ஆளும் கிடைக்கும்.

145 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைநீள ஏரியலின் நீளம் ஒரு மீட்டர்தான். இன்னும் தொலைவு போக விரும்புகிறவர்கள் 14 மெகாஹெர்ட்ஸுக்கு வருவார்கள். அலை அயனி மண்டலத்தில் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இறங்கும். பக்கத்துச் சுவர்களைப் பற்றிக் கவலை குறைவு. ஆனால் ஏரியலுக்கு 10 மீட்டர் கம்பி வேண்டும். அதைத் தாங்க, ஒன்றுக்குள் ஒன்று செருகும் தூண்டிற்கோல் எடுத்துச் செல்கிறார்கள். கண்ணாடி இழையால் ஆன கோலாக இருக்க வேண்டும். கரி இழை மின்சாரத்தைக் கடத்துவதால் ஏரியலின் வேலையைக் கெடுத்துவிடும். முளை அடிக்க மண் ஏது? பாறை இடுக்கில் செருகிக் கயிற்றால் கட்டவேண்டியதுதான். உலர்ந்த பாறை நல்ல கடத்தியும் அல்ல. எனவே, தரையிணைப்பை நம்பாத இருமுனை ஏரியலே இங்கு ஏற்றது.

5 வாட் அலையாக வெளியேற வேண்டுமானால் பெட்டி 10 வாட்டுக்கு மேலேயே வாங்கும். மீதி வெப்பமாகப் போய்விடும். குளிரில் மின்கலமும் சோர்ந்துபோகும். அதைச் சட்டைக்குள் வைத்துக்கொள்வது நல்ல தந்திரம்.

இன்னொன்றும் உண்டு. உச்சியில் உயர்ந்து நிற்கும் ஈரக்கோல், மின்னலுக்கு நாமே வழிகாட்டுவது போன்றது. ஒலி 1 கி.மீ. கடக்க ஏறத்தாழ 3 வினாடி ஆகும். மின்னலைக் கண்டு 30 வினாடிக்குள் இடி கேட்டால், அது 10 கி.மீ.க்குள் இருக்கிறது. டிரவனில் ஓடி இறங்க வழியில்லை; ஈரப்பாறை வழுக்கும். ஆகையால் இடி கேட்கும்வரை காத்திராமல், மேகம் திரளும்போதே ஏரியலைச் சுருட்டி இறங்கத் தொடங்க வேண்டும், நான்காவது தொடர்பு பாக்கியிருந்தாலும் சரி.