சிலுவையும் மரணவேளையில் நம்பிக்கையும்



“சிலுவை நம்பிக்கையின் சின்னம்” என்று நீங்கள் எல்லோரும் எழுதுவீர்கள். “எவ்வாறு?” என்று வினவினால் பலர், “கடவுள் மரணத்திலிருந்து காப்பாற்றுவார்” என்று எழுதி முடித்துவிடுகின்றனர். இது போதிய விடையன்று. இயேசுவே சிலுவையில் மரித்தார் அல்லவா? எனவே பின்வரும் மூன்று விடயங்களையும் கவனமாகப் படியுங்கள்.

1. இரண்டு குற்றவாளிகள் (லூக்கா 23:39-43)

இயேசுவின் இருபுறமும் இருவர் சிலுவையில் அறையப்பட்டனர். ஒருவன், இயேசு மெசியாவானால் தம்மையும் தங்களையும் காப்பாற்றட்டும் என்று பழித்தான். மற்றவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். இயேசு குற்றமற்றவர் என்றான். அவர் தமது ஆட்சியில் வரும்போது தன்னை நினைவுகூரும்படி மட்டும் வேண்டினான். அன்றே அவன் தம்மோடு பரதீசில் இருப்பான் என இயேசு வாக்களித்தார்.

கவனிக்க: இரண்டாமவனும் சிலுவையிலிருந்து உயிருடன் இறக்கப்படவில்லை. மரணத்திலும் தன்னைக் கைவிடாத ஒருவரை அவன் கண்டுகொண்டான்.

2. இயேசுவின் கதறல் (மாற்கு 15:34)

கடவுள் தம்மைக் கைவிட்டது ஏன் என்று இயேசு உரத்த குரலில் கதறினார். இது 22ஆம் சங்கீதத்தின் தொடக்கமாகும். ஆகவே மரணத்தின் முன் அழுவதும் அஞ்சுவதும் விசுவாசக் குறைவு ஆகா.

3. டீட்ரிக் பொன்ஹோபர் (1906-1945)

இவர் ஜேர்மனிய லூத்தரன் போதகர். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்த இவர் 1943 ஏப்ரல் 5இல் கைதுசெய்யப்பட்டார். 1945 ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை, பாடசாலைக் கட்டடமொன்றில் அடைக்கப்பட்டிருந்த சக கைதிகளுக்கு வழிபாடு நடத்தினார். அன்று அவர் விளக்கிய வாசகங்கள் ஏசாயா 53:5, 1 பேதுரு 1:3 என்பனவாகும். முன்னையது பாடுபடும் ஊழியரின் காயங்களைப் பற்றியது. பின்னையது உயிர்த்தெழுதலால் வரும் உயிருள்ள நம்பிக்கையைப் பற்றியது. வழிபாடு முடிந்ததும் அவர் அழைத்துச் செல்லப்பட்டார். மறுநாள் புளொசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. அமெரிக்கப் படையினர் அம்முகாமை விடுவித்தது ஏப்ரல் 23இல். அதாவது 14 நாட்கள் பிந்தியாகும். அவர் தப்பவில்லை, எனினும் அவரது நம்பிக்கை பொய்த்துப்போனது என்று கிறிஸ்தவர்கள் கருதுவதில்லை.

மாதிரி வினா

இரு குற்றவாளிகளின் வேண்டுதல்களுக்கும் இடையிலான வேறுபாடு யாது? அதிலிருந்து நாம் கற்பது என்ன?

விடை: முதலாமவன் சிலுவையிலிருந்து விடுதலை கேட்டான். இரண்டாமவன் இயேசுவின் நினைவில் இடம் கேட்டான். கிறிஸ்தவ நம்பிக்கை என்பது சாவே வராது என்பதன்று. சிலுவையில் மரித்து உயிர்த்தவர் சாவிலும் நம்மோடு இருக்கிறார், சாவு முடிவன்று என்பதே அந்நம்பிக்கை.

இறுதியாக ஒரு வார்த்தை. உங்களில் சிலர் வீட்டில் ஒருவரின் மரணப் படுக்கையருகே இருந்திருப்பீர்கள். இனி இருக்கவும் நேரலாம். அவ்வேளையில் “ஒன்றும் நடக்காது” என்று பொய்த்தேறுதல் சொல்ல வேண்டியதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அருகில் இருங்கள். அவர் விரும்பினால் சேர்ந்து செபியுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். பரீட்சை முடிந்த பின்னரும் இந்தப் பாடம் உங்களுக்குத் தேவைப்படும்.