கேபிளைச் செருகியும் கேமரா தெரியவில்லையா?

அன்புள்ள யாழினி,

பென் டிரைவைச் செருகினால் உடனே தெரிகிறது, கேமராவைச் செருகினால் ஒன்றுமே வரவில்லை, உபுண்டுவை எடுத்துவிட்டு விண்டோஸ் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே. கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

கேமராவை ஆன் செய்து கேபிளை மாட்டு. டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி என்று சிறிய ஆங்கில எழுத்துகளில் சேர்த்து அடி. யூஎஸ்பியில் மாட்டியிருப்பதெல்லாம் வரிவரியாக வரும். உன்னுடையது கேனன் என்பதால் 04ஏ9 என்று தொடங்கும் எண் ஒரு வரியில் இருக்க வேண்டும். நிக்கான் என்றால் 04பி0, சோனி என்றால் 054சி. அந்த வரியே இல்லையென்றால் எந்த மென்பொருளைப் போட்டும் பயனில்லை. முதலில் கேபிளை மாற்று. சில கேபிள்களில் சார்ஜ் ஏற்றும் கம்பிகள் மட்டுமே இருக்கும், தகவல் போகும் கம்பிகள் இருக்காது. வெளியே பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. இன்னொன்று: சில கேனன் கேமராக்களில் வைஃபை ஆனில் இருந்தால் கேபிள் இணைப்பு எடுக்காது. மெனுவில் அதை அணைத்துவிடு.

வரி வருகிறது, ஆனாலும் பென் டிரைவ் மாதிரி டிரைவாகத் தெரியவில்லை என்றால் அது கோளாறே இல்லை. பென் டிரைவ் தன் சேமிப்பிடம் முழுவதையும் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிடும். உன் கேமரா பேசுவது பிடிபி என்ற நெறிமுறை. ஐஎஸ்ஓ 15740 என்ற சர்வதேசத் தரம் அது. இதில் மெமரி கார்டு கேமராவின் பொறுப்பிலேயே இருக்கும். பழைய நூலகங்களில் அலமாரிப் பக்கம் நம்மை விடாமல், சீட்டில் எழுதிக் கொடுத்தால் நூலகரே போய் எடுத்து வருவாரே, அந்த ஏற்பாடுதான். என்னென்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கேட்கும். கேமரா பட்டியல் சொல்லும். கேட்ட படத்தை எடுத்துக் கொடுக்கும். லினக்ஸில் அப்படிக் கேட்டு வாங்கத் தெரிந்தது லிப்ஜிஃபோட்டோ2. 2,500க்கும் மேற்பட்ட கேமராக்களோடு அதற்குப் பழக்கம் உண்டு. அதை எழுதிப் பராமரிக்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. கேமரா கம்பெனிகள் லினக்ஸைக் கண்டுகொள்ளாத காலத்திலேயே ஒவ்வொரு மாடலாகச் சோதித்துச் சேர்த்தவர்கள் அவர்கள்.

இனிதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். லிப்ஜிஃபோட்டோ2வை டெர்மினலிலிருந்து இயக்கும் ஜிஃபோட்டோ2 என்ற கட்டளையை நிறுவி இயக்கினால், யூஎஸ்பி சாதனத்தைக் கைப்பற்ற முடியவில்லை என்று மைனஸ் 53 என்ற பிழை எண்ணோடு நின்றுவிடலாம். கேமராவோடு ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் பேச முடியும். நீ கேபிளை மாட்டிய நொடியிலேயே டெஸ்க்டாப்பின் ஜிவிஎஃப்எஸ் பின்னணியில் கேமராவைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஃபைல்ஸ் ஜன்னலைத் திற. இடப்பக்கம் கேமராவின் பெயர் இருந்தால், படங்களை அங்கிருந்தே இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். டிசிஐஎம் என்ற ஃபோல்டரில் இருக்கும். ஜிஃபோட்டோ2தான் வேண்டும் என்றால் பெயருக்குப் பக்கத்திலுள்ள எஜெக்ட் குறியை அழுத்து. கேபிளைப் பிடுங்காதே. பிறகு கட்டளையை மறுபடி கொடு, வேலை செய்யும்.

நிர்வாகி அதிகாரத்தோடு இயக்கும் சூடோவைக் கட்டளைக்கு முன்னால் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. அப்படி இறக்கும் படங்கள் ரூட் என்ற நிர்வாகியின் பெயரில் பதிவாகும். பிறகு நீயே திருத்திச் சேமிக்க முடியாது. சூடோவோடு மட்டும்தான் ஓடுகிறது என்றால், கேமராவைப் பயன்படுத்த உனக்கு அனுமதி தரும் யூடெவ் விதி விடுபட்டிருக்கலாம். லிப்ஜிஃபோட்டோ2 தொகுப்பை மறுபடி நிறுவிப் பார்.

கார்டை உருவி ரீடரில் போட்டால் போயிற்று என்பதும் உண்மைதான். 64 ஜிபி கார்டு எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கும். 2019இல் வந்த 5.4 கெர்னலிலிருந்தே லினக்ஸில் அதற்கு இடம் உண்டு. ஆனால் கார்டை ஃபார்மேட் செய்வதை மட்டும் கேமராவிலேயே செய்.

ஆனாலும் கேபிள் வழியை விட்டுவிடாதே. கேமரா மாடல் இடம் கொடுத்தால், ஜிஃபோட்டோ2வைக் கொண்டு ஷட்டரையே கம்ப்யூட்டரிலிருந்து அழுத்தலாம், ஒளியுணர்திறனுக்கான ஐஎஸ்ஓ அளவை மாற்றலாம், நிமிடத்துக்கு ஒரு படம் என்று இரவு முழுக்க எடுக்க வைக்கலாம். மொட்டு விரிவதைப் படமெடுக்க வேண்டும் என்றாயே, அதற்கு இதுதான் வழி. ரீடரால் அது ஆகாது.

எல்எஸ்யூஎஸ்பி காட்டும் வரியை அப்படியே எழுதி அனுப்பு. அடுத்து என்ன என்று சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா