பாடம் 6: ஏடும் படமும்

கற்றல் நோக்கம்: ஓலைச்சுவடிகளைப் படியெடுத்த மரபை அறிதல்; கைக்கணினியில் படங்களைத் திருத்தும்போது அவற்றின் முழுப் பிரிதிறனையும் காக்கும் முறையைக் கற்றல்; அறிவியல் செய்தியைத் தமிழில் தெளிவாக எழுதப் பழகுதல்.

ஏடுகளின் நகரம்

மாணவர்களே, நாம் வாழும் திருவனந்தபுரம் பழைய ஏடுகளைப் பேணிக் காக்கும் நகரம். கோட்டைப் பகுதியிலுள்ள ஆவணக் காப்பகத்தில் திருவிதாங்கூர் அரசின் ஓலை ஆவணங்கள் சுருணைகளாக வைக்கப்பட்டுள்ளன. பத்மநாபசுவாமி கோயிலின் நிருவாகச் செய்திகளைக் கூறும் மதிலகம் ஆவணங்களும் அவற்றுள் அடங்கும். காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும் சுவடி நூலகமும் பல்லாயிரக்கணக்கான சுவடிகளைக் காத்துவருகின்றன.

ஏடு காக்கப்பட்டதால் விளைந்த பயனுக்கு ஒரு சான்று காண்போம். பாசன் என்னும் பழம்பெரும் நாடக ஆசிரியரின் பெயர் நிலைத்திருந்தது. நாடகங்களோ மறைந்துவிட்டன என்றே அறிஞர் கருதியிருந்தனர். திருவனந்தபுரத்தில் சுவடிப் பதிப்புப் பணியை மேற்கொண்டிருந்த த. கணபதி சாஸ்திரியார், 1909ஆம் ஆண்டு பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் மலையாள எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடி ஒன்றைக் கண்டெடுத்தார். அதில் இருந்தவை பாசனின் நாடகங்கள் என அறிந்து, 1912 முதல் அவற்றை அச்சேற்றினார். அவ்வேடு அழிந்திருந்தால் அந்நாடகங்களை இன்று நாம் படித்திருக்க இயலுமா?

படிக்குப் படி தேய்ந்த எழுத்து

பனையோலை என்றும் நிலைப்பதன்று. சில நூற்றாண்டுகளில் செல்லும் பூச்சியும் ஈரமும் அதனை அழித்துவிடும். ஆகவே நம் முன்னோர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைத்தனர். ஒருவர் ஓர் எழுத்தைப் பிறழ எழுதினால், அவர் படியைப் பார்த்து எழுதியவர் அப்பிழையையும் எழுதித் தம் பிழையையும் சேர்த்தார். ஓலை கிழியும் என அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலும் எழுதினர். துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் அமைந்தன. எனவே ஒரு சிறு சுழியும் கீற்றுமே பொருளை வேறுபடுத்தின.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது, பல ஊர்ச் சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டுப் பார்த்தே உண்மைப் பாடத்தைத் தெளிந்தார். ஒரு படியில் தேய்ந்தது மற்றொரு படியில் நிலைத்திருந்தமையால் அது கைகூடியது. எல்லாப் படிகளிலும் தேய்ந்துபோனதை மீட்க எந்த அறிஞராலும் இயலாது.

படத்தின் உள்ளே

இன்று ஏட்டைப் படியெடுக்க எழுத்தாணி வேண்டுவதில்லை. கைக்கணினியின் ஒளிப்படக் கருவி போதும். ஒளிப்படமும் ஒரு படியே. அதன் எழுத்துகளாக விளங்குவன படப்புள்ளிகள். ஒரு படத்தில் எத்தனை படப்புள்ளிகள் உள்ளனவோ அந்த அளவிற்கே அதன் பிரிதிறன் அமையும்.

12 மெகாபிக்சல் கருவி எடுக்கும் படம் பெரும்பாலும் 4032 புள்ளி அகலமும் 3024 புள்ளி உயரமும் உடையது. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 1 கோடியே 22 இலட்சம் புள்ளிகள். இப்படத்தை 1600 × 1200 எனக் குறைத்தால் எஞ்சுவன 19 இலட்சத்து 20 ஆயிரம் மட்டுமே. ஆறில் ஒரு பங்கிற்கும் குறைவு.

40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் ஏடு படத்தின் அகலம் முழுவதையும் நிரப்பியுள்ளது எனக் கொள்வோம். முழுப் படத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 10 புள்ளிகள் கிடைக்கும். 3 மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்துக்கு 30 புள்ளிகள் அமையும். குறைத்த படத்தில் அவ்வெழுத்துக்குக் கிடைப்பவை 12 புள்ளிகளே. எழுத்தாணி கீறிய 0.3 மில்லிமீட்டர் கோடு, மூன்று புள்ளித் தடிப்பிலிருந்து ஒரு புள்ளியளவாகச் சுருங்கி அருகிலுள்ள ஓலை நிறத்தோடு கலந்துவிடும். சுழி எது, கீறல் எது என்று பிரித்தறிய முடியாது.

இழப்பு நேரும் இடங்கள்

படம் எடுக்கும்போது இருந்த புள்ளிகள், திருத்தும்போது நம்மை அறியாமலே குறைகின்றன. அவ்வாறு குறையும் இடங்களை அறிந்துகொள்வோம்.

1. திரைப்பிடிப்பு: படத்தைத் திரையில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் திரையின் புள்ளிகளே பதிவாகும். 2160 × 1620 திரையில் அவை ஏறத்தாழ 35 இலட்சம். மூலப்படத்தின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

2. சேமிப்பு அளவு: சில திருத்தும் செயலிகள், திருத்தி முடித்த படத்தைச் சிறிய அளவிலேயே சேமிக்கும். சேமிக்கும் பக்கத்தில் ‘அசல் அளவு’ அல்லது ‘உச்சத் தரம்’ என்னும் தெரிவு உண்டா எனப் பார்த்தல் வேண்டும்.

3. மீண்டும் மீண்டும் சேமித்தல்: ஜேபெக் கோப்பைத் திருத்திச் சேமிக்கும்போதெல்லாம் நுண்விவரங்களுள் சில நீங்குகின்றன. பழைய படியைப் பார்த்துப் புதுப்படி எழுதியோரின் நிலையே இது. கோப்பைத் திறந்து பார்ப்பதாலும், அப்படியே நகலெடுப்பதாலும் இழப்பு நேராது.

4. அனுப்புதல்: வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும்; ‘ஆவணம்’ என்னும் வழியில் அனுப்பினால் கோப்பு மாறாமல் சென்றடையும்.

5. மேகச் சேமிப்பு: கூகுள் போட்டோஸில் ‘சேமிப்பிடம் மிச்சம்’ என்பதைத் தேர்ந்தால் படம் சுருக்கப்படும், ‘அசல் தரம்’ என்பதைத் தேர்ந்தால் சுருக்கப்படாது.

தேவையற்ற ஓரத்தை வெட்டுவது இவற்றினின்று வேறானது. வெட்டிய பகுதி நீங்கினும், எஞ்சிய பகுதியின் புள்ளிகள் உள்ளபடியே இருக்கும்.

குறைந்த படத்தைப் பெரிதாக்கினால் இழந்தது மீளுமோ எனச் சிலர் கேட்பர். மீளாது. பெரிதாக்கும் செயலி, அருகிலுள்ள புள்ளிகளைக் கொண்டு இடைவெளியை ஊகித்து நிரப்பும். செயற்கை நுண்ணறிவுக் கருவி அழகான கோட்டினை வரைந்துதரவும் கூடும். அது ஏட்டில் உள்ள கோடு ஆகாது. சிதைந்த இடத்தில் தம் மனம்போல் சொல்லை இட்டு நிரப்பிய படியாளரின் செயலுக்கும் இதற்கும் வேறுபாடு சிறிது.

காக்கும் முறை

• படம் எடுத்தவுடன் மூலப்படத்தைத் தனிக் கோப்புறையில் வைத்து, ‘மூலம்’ எனப் பெயரிடுக. அதனைத் திருத்தற்க.
• திருத்துவதற்கு நகல் ஒன்று எடுத்துக்கொள்க. ஐபேடின் ‘போட்டோஸ்’ செயலி, திருத்தங்களை நீக்கி மூலத்திற்குத் திரும்பும் வசதியைத் தருகிறது. ஆயினும் வேறு செயலிகளுக்கு மாற்றும்போது தனி நகல் இருப்பதே நன்று.
• ஒளி, நிறம், ஓரம் ஆகியவற்றை ஒரே அமர்வில் திருத்தி, ஒருமுறை மட்டும் சேமிக்க. பலநாள் தொடர்ந்து திருத்த வேண்டியிருப்பின் இழப்பில்லாத பிஎன்ஜி வடிவில் சேமிக்க.
• சேமித்த பின் கோப்பு விவரத்தைத் திறந்து, அகலம், உயரம் ஆகியவற்றின் எண்களை மூலத்தின் எண்களோடு ஒப்பிடுக.
• பள்ளித் திட்டப்பணிக்கும் நண்பர்க்கும் சிறிய படி அனுப்புக; மூலத்தைக் கைக்கணினியிலும் வேறோரிடத்திலும் காக்க.

ஆவணக் காப்பகங்களிலும் பொதுவாக இம்முறையே பின்பற்றப்படுகிறது: சுருக்கப்படாத டிஃப் வடிவில் மூலப்படமும், படிப்போர்க்குச் சிறிய ஜேபெக் படமும் வைக்கப்படுகின்றன.

உங்கள் வீட்டுப் பெட்டகத்திலும் தாத்தாவின் நிலப்பத்திரமோ, பாட்டியின் கடிதமோ, மடிப்பில் கிழிந்த பழைய ஒளிப்படமோ இருக்கலாம். தாள் இன்னும் சில ஆண்டுகளில் நொறுங்கலாம். அன்று உங்கள் கைக்கணினியில் உள்ள படமே அதன் ஒரே படியாக இருக்கக்கூடும். அப்படியில் ஓர் எழுத்தும் தேயாதிருக்கச் செய்வது உங்கள் கடமை.

அறிந்து கொள்வோம்

ஜேபெக் முறை 1992இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. அதற்கு அடிப்படையான கணித முறையைப் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். ஜேபெக் முறை, படத்தை 8 × 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்வேறுபாடுகளைக் குறைக்கிறது. இயற்கைக் காட்சிக்கு இது பொருந்தும். மெல்லிய எழுத்துக்கோடுகளுக்கோ மிகையான சுருக்கம் தீங்காகும்.

சொற்பொருள்

சுருணை – ஓலைகளைச் சுருட்டிக் கட்டிய கட்டு
செல் – கறையான்
பாடம் – நூலின் சொல்வடிவம்
பிரிதிறன் – படத்தின் நுண்விவரங்களைப் பிரித்துக் காட்டும் அளவு
படி – நகல்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக: ஓலைச்சுவடி, பனையோலை, படப்புள்ளி, கைக்கணினி.

ஆ. பெயரெச்சம், வினையெச்சம் எனப் பிரித்துக் காட்டுக: குறைத்த படம், திரட்டி ஒப்பிட்டார், கீறிய கோடு, திறந்து பார்த்தான்.

இ. ஓரிரு தொடரில் விடை தருக.
1. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் அமைந்ததால் நேர்ந்த இடர் யாது?
2. திரைப்பிடிப்பு மூலப்படத்திற்கு ஈடாகாதது ஏன்?
3. ஓரம் வெட்டுதலும் அளவு குறைத்தலும் எவ்வாறு வேறுபடுகின்றன?

ஈ. கணக்கிட்டு எழுதுக: ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டால், 4032 புள்ளி அகலமுள்ள படம் எத்தனை அங்குல அகலம் பெறும்? 1600 புள்ளி அகலமுள்ள படம் எவ்வளவு பெறும்?

உ. பத்து வரிகளில் எழுதுக: “ஏடு எழுதியவரும் படம் திருத்துபவரும் ஒரே பொறுப்பை உடையவர்கள்.” இக்கருத்தை ஏற்கிறீர்களா? காரணம் காட்டுக.

ஊ. செயல்பாடு: வீட்டுப் பெரியோரின் இசைவு பெற்று, பழைய கடிதம் அல்லது பத்திரம் ஒன்றைப் பகலொளியில் படம் எடுக்க. மூலம், திருத்திய படி, செயலி வழியே படமாக அனுப்பிப் பெற்ற படி ஆகிய மூன்றிலும் ஒரே சொல்லைப் பெரிதாக்கிப் பார்த்து, கண்ட வேறுபாடுகளை அட்டவணையாக எழுதுக.