அதர் இல்லாக் காட்டில் விருந்தினர்

காட்டுவழியை 'அதர்' என்பது பழந்தமிழ் வழக்கு. அவ்வதரும் இல்லாத காட்டினுள் செல்வோர் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதை ஈண்டுக் காண்போம்.

அமெரிக்க நாட்டில் 1964ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற வனாந்தரச் சட்டம், காக்கப்பெறும் காடுகளில் நிலையான சாலை அமைத்தலையும் ஊர்தி செலுத்துதலையும் பொதுவாகத் தடுக்கிறது. மனிதன் அங்கு வந்து செல்லும் விருந்தினனே. தங்கி வாழ்பவன் அல்லன் என்பது அச்சட்டத்தின் உட்கருத்து. புளோரிடா மாநிலத்தின் அப்பலாச்சிக்கோலா தேசிய வனத்திலுள்ள 'மட் ஸ்வாம்ப் - நியூ ரிவர்' பகுதி 1984இல் இக்காப்பினைப் பெற்றது. ஏறத்தாழ 8,000 ஏக்கர் பரப்புள்ள அச்சதுப்புக் காட்டில் நடைபாதை அமைக்கப்படவில்லை.

இத்தகைய காட்டில் நிலப்படமும் திசைகாட்டியுமே நமக்குத் துணை. காந்தமுள் காட்டும் வடக்கு, படத்தின் வடக்கினின்று சிறிது விலகியிருக்கும். அவ்விலக்கத்தை முன்னரே கணக்கிட வேண்டும். செல்லுமிடத்தையும் திரும்பும் நாளையும் ஒருவரிடம் கூறிச் செல்லுதலும் இன்றியமையாதது.

பாதையுள்ள காட்டில் ஒருவர்பின் ஒருவராய் நடப்பதே முறை. பாதையற்ற காட்டிலோ பரந்து நடத்தல் வேண்டும். ஓரடி பட்ட செடி பெரும்பாலும் மீண்டும் நிமிரும். பல அடிகள் ஒரே இடத்தில் பட்டால் செடி மடியும், மண் இறுகும், புதுத்தடம் தோன்றும். பின்வருவோர் அத்தடத்தையே பற்றி நடப்பர். ஆண்டுகள் சில செல்லின் அது பாதையாகிவிடும். சட்டம் தடுத்த சாலையை நம் கால்களே தொடங்கி வைத்தல் தகுமோ? நீர்நிலைக்கு 200 அடி அப்பால் தங்குதலும், கொண்டு சென்றவற்றின் எச்சங்களைத் திரும்பக் கொணர்தலும் அவ்வொழுக்கத்தின் பாற்பட்டனவே.

சென்றவிடமெல்லாம் பெயர் பொறிக்க விழைவது மாந்தர் இயல்பு. இங்கோ, நாம் வந்து சென்றதைப் பின்வருவோர் அறியாதிருத்தலே நம் விருந்துக்குச் சிறப்பாகும்.